21-ஆ, 31-ஆ: லீட் டைம் கட்டத்தோடு ஐந்து ஆண்டுகள்

ஈஆர்பி (கொள்முதல், உற்பத்தி, பில்லிங் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நிறுவன மென்பொருள்) வாங்கவிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் எங்கள் மென்பொருளைப் பற்றிக் கேட்டார். ஆண்டுச் சந்தா பில்லும் அதே வாரத்தில் வந்ததால், முழு நடுநிலையோடு எழுதுகிறேன் என்று சொல்ல முடியாது. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாகத் திட்டமிடலைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, பில்லிங்கிலோ ஜிஎஸ்டியிலோ குறையில்லை. என் வழக்கெல்லாம் ஐட்டம் மாஸ்டரில், அதாவது ஒவ்வொரு பொருளின் விவரப் பதிவில் உள்ள ‘லீட் டைம்’ (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வர ஆகும் நாட்கள்) என்ற ஒரே கட்டத்தோடுதான்.

பம்ப் பாடி காஸ்டிங்குக்கு (பம்ப்பின் வார்ப்பிரும்பு உடலுக்கு) அதில் 21 நாள் என்று போட்டிருந்தோம். 2025 ஜனவரி 28 அன்று அசெம்பிளிக்கு வேண்டிய சரக்குக்கு, மென்பொருள் பின்னோக்கி எண்ணியது: ஆய்வுக்கான 2 வேலை நாளை, இடையே வந்த ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டிக் கழித்து, சரக்கு 25ஆம் தேதி உள்ளே வர வேண்டும் என்றது; அதிலிருந்து 21 நாள் பின்னே போய் ஜனவரி 4 அன்று ஆர்டர் போடச் சொன்னது. கணக்கில் பிழையில்லை. ஆனால் எங்கள் விடுமுறையை அறிந்த அந்த மென்பொருளுக்கு சப்ளையரின் விடுமுறை தெரியாது. லீட் டைம் நாட்களை அது வெறும் காலண்டர் நாட்களாகவே எண்ணுகிறது. சப்ளையரின் மோல்டிங் (அச்சு செய்யும்) ஆட்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட, காஸ்டிங் பத்து நாள் தாமதமாகவே வந்தது.

கோபத்தில் 21-ஐ 31 ஆக்கினேன். நாளொன்றுக்கு 40 காஸ்டிங் செலவாகும் இடத்தில், மறு ஆர்டர் அளவு (கையிருப்பு எந்த எண்ணிக்கைக்கு இறங்கினால் ஆர்டர் போட வேண்டுமோ அது) 840-இலிருந்து 1,240 ஆக ஏறியது. கூடுதலான 400 காஸ்டிங்குகள் முற்றத்தில் மழையில் துருப்பிடித்தபடி, ஆடி மாதத்திலேயே அடுத்த பொங்கலுக்குக் காத்துக்கிடந்தன. எண்ணை மறுபடி குறைத்தபோது, புதிய பரிந்துரைகள் மட்டுமே மாறின. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற பர்ச்சேஸ் ஆர்டர்கள் அசையவில்லை. நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை லீட் டைம் இத்தனை நாள் என்று குறிக்க ஒரு வழி வேண்டும்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். மூன்று நாளுக்கு உட்பட்ட தேதி மாற்றங்களைப் பொருட்படுத்தாமல் விடும் செட்டிங் ஒன்று அந்த மென்பொருளிலேயே இருப்பதை இரண்டாம் ஆண்டில்தான் கண்டேன். ஆர்டர் தேதியை ‘முன்னே இழு’, ‘தள்ளிப் போடு’ என்று தினமும் காலையில் பக்கம் பக்கமாக வந்த செய்திகள் அன்றிலிருந்து ஐந்தாறாகச் சுருங்கின. பர்ச்சேஸ்காரர் அவற்றை உண்மையிலேயே படிக்கத் தொடங்கினார். இந்த ஒன்றுக்காகவே அதை எத்தனையோ முறை மன்னித்திருக்கிறேன்.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். எங்கள் சந்தாவை மறுநாளே கட்டச் சொல்லிவிட்டு, டைரியில் டிசம்பர் 1 என்ற பக்கத்தில் ‘காஸ்டிங் 31’ என்று எழுதி வைத்தேன்.