சுவீடனில் பொறியியல் பிஎச்டி: பல்கலைச் சம்பளமா, கம்பெனிச் சம்பளமா, உதவித்தொகையா?

சுவீடனில் பிஎச்டிக்கு ஃபீஸ் கிடையாது. பார்க்க வேண்டியது, மாதாமாதம் பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதைத்தான்.

ஸ்டாக்ஹோமின் கே.டி.எச்., கோத்தன்பர்கின் சால்மர்ஸ், லுண்ட், லின்ஷோப்பிங் போன்ற பல்கலைகள் வெளியிடும் பிஎச்டி விளம்பரங்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழகமே சம்பளம் தரும் வேலைகள். படிப்பு 240 கிரெடிட், முழுநேரமாக 4 ஆண்டு. லேப் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது என்று துறை வேலை 20 சதவீதம் வரை சேரலாம். முழுதாகச் சேர்ந்தால் 4 ஆண்டு 5 ஆகிவிடும். முதல் ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான் என்றதும் பலர் பதறுகிறார்கள். விதியே அப்படித்தான்: முதலில் அதிகபட்சம் ஓராண்டு, பிறகு ஒவ்வொரு முறையும் 2 ஆண்டு வரை நீட்டிப்பு. நோயிலும் குழந்தைப்பேறு விடுப்பிலும் போன மாதங்களுக்கு ஈடாகக் காலம் நீளும். கைடு ஒத்துவராவிட்டால் மாற்றிக் கேட்கும் உரிமையும் உண்டு.

வோல்வோ, ஸ்கானியா, எரிக்சன் போன்ற கம்பெனிகளில் ஊழியராக இருந்தபடியே பல்கலையில் பதிவு செய்துகொள்வது இரண்டாவது வழி. கையில் வருவது பெரும்பாலும் இதில்தான் அதிகம். ஆனால் ஆராய்ச்சிக்கு எத்தனை சதவீத நேரம் என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 80 சதவீதம் என்றால் 5 ஆண்டு, 50 என்றால் 8. புராஜெக்ட் டெட்லைன் நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது ஆராய்ச்சி நேரம்தான். கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம், கட்டுரையை வெளியிடுமுன் கம்பெனி எத்தனை நாள் வைத்துப் பார்க்கலாம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஆய்வேடு எப்படியும் பொதுவெளிக்கு வந்தாக வேண்டும். ஏற்கெனவே அங்கே வேலையில் இருப்பவருக்கு இது அருமையான வழி. வெளியிலிருந்து நேராக நுழைவது கஷ்டம்.

மூன்றாவது வழி உதவித்தொகை. அதற்கு வரி இல்லை என்பதில் மயங்க வேண்டாம். அது சம்பளம் அல்ல என்பதால் ஓய்வூதியத்தில் சேராது. வருமானத்தை வைத்துக் கணக்கிடும் நோய்க்காலப் பணமும் வராது. குழந்தை பிறந்தால், சம்பளக்காரருக்கு வருமானத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் என்ற இடத்தில் உங்களுக்கு அடிப்படைத் தொகையான நாளுக்கு 250 குரோனர் (சுவீடன் நாணயம்) மட்டும்தான். பல்கலை தனியாகக் காப்பீடு எடுத்திருக்கிறதா, உதவித்தொகை முடிந்த பிறகு மீதி மாதங்களுக்கு வேலையில் சேர்த்துக்கொள்ளுமா என்று சேருமுன்பே கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் விட்டுவிடலாம்.

மூன்றுக்குமே வாசல் ஒன்றுதான்: முதுநிலைப் பட்டம், அல்லது 240 கிரெடிட், அதில் 60 முதுநிலை மட்டத்தில். நம்மூர் நான்காண்டு பி.இ. மட்டும் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த 60-இல்தான் மாட்டுகிறார்கள். சம்பள வேலைக்குப் பேராசிரியருக்கு மெயில் போட்டால் மட்டும் போதாது. விண்ணப்பம் பல்கலையின் போர்ட்டல் வழியாக, அந்த விளம்பரத்துக்கென்றே எழுதிய கடிதத்தோடும் முதுநிலை ஆய்வேட்டோடும் போக வேண்டும். பத்து இடத்துக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் படிக்கிறவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.