இலக்கம் சொல்லி அழைக்கும் இடம்: மட்டக்களப்பில் இலவச எச்.ஐ.வி. பரிசோதனை

ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்தபின், நானும் எனக்கு நிச்சயிக்கப்பட்டவரும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள முடிவெடுத்தோம். முதலில் போன தனியார் ஆய்வுகூடத்தில், ஆட்கள் நிறைந்திருந்த கூடத்தின் நடுவே நின்று, "எயிட்ஸ் டெஸ்டுக்கு வந்தது யாரு?" என்று பணியாளர் உரக்கக் கேட்டார். குருதி கொடுக்காமலே திரும்பிவிட்டோம். மறுவாரம் போனது மட்டக்களப்பு நகரின் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு; இந்த மதிப்புரை அதைப் பற்றியது.

கட்டணம் இல்லை, வைத்தியரின் கடிதமும் கேட்கவில்லை. பதிவு முடிந்ததும் ஓர் இலக்கம் தந்து, அதன்பின் அந்த இலக்கத்தைச் சொல்லியே அழைத்தார்கள். கதவைச் சாத்திய பிறகே பேச்சு. "தம்பி, மோதிர விரலைத் தாங்க" என்ற தாதி, விரல் நுனியில் குத்தி, முதல் துளியைப் பஞ்சால் துடைத்துவிட்டு, அடுத்த துளியைச் சிறு பிளாஸ்டிக் பட்டையின் குழியில் விட்டார். தொற்று இருக்கலாம் என்று காட்டும் இரண்டு கோடு தெரிந்தாலும் அது இறுதி முடிவல்ல, உறுதிப்படுத்தும் பரிசோதனை உண்டு என்பதையும், தொற்றிய புதிதில் இப்பரிசோதனை எதையும் காட்டாமல் போகலாம் என்பதால் சிலர் மூன்று மாதம் கழித்து மறுபடி வரவேண்டியிருக்கும் என்பதையும், அவசரப்படாமல் முன்கூட்டியே விளக்கியிருந்தார். இருபது நிமிடத்தில் ஒற்றைக் கோடு தெரிந்தது.

இந்த இருபது நிமிடத்தின் அருமை, நோயின் கதை தெரிந்தவர்களுக்குப் புரியும். 1981 ஜூனில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நிமோனியா பற்றிய சிறு மருத்துவக் குறிப்பின் வழியாக வெளியே தெரிந்த இந்நோயைக் குருதியில் கண்டறியும் பரிசோதனை 1985இல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்குள் ஏற்றப்பட்ட குருதியாலேயே தொற்றுக்கு ஆளானவர்கள் பலர். மறு ஆண்டு, சென்னையில் வைத்தியர் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றாளர்களைக் கண்டறிந்தார்கள். உயிர் காக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலானது 1996க்குப் பிறகே. உலகில் இதுவரை மாண்டவர்கள் 4 கோடிக்கும் மேல். இன்று மருந்தை ஒழுங்காக எடுத்து, குருதியில் வைரஸ் தென்படாத நிலையை எட்டியவரிடமிருந்து உடலுறவால் தொற்றுப் பரவுவதில்லை.

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் நடக்கும் பரிசோதனைதான் அதற்கு அடித்தளம். மாப்பிள்ளைமாரும் முன்கூட்டியே வரவேண்டும் என்பது என் வேண்டுகோள். வார நாளில், காலையிலேயே, இருவருமாகச் சேர்ந்து போங்கள்.