1,840 ரிங்கிட் போனது: உலர்பழம் வாங்குமுன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

போன வியாழக்கிழமை, நான் அத்திப்பழம் வாங்கிய மொத்த விற்பனைக் கடையின் கிடங்குக் கதவில் சுகாதார அதிகாரிகள் முத்திரை வைத்துவிட்டார்கள். உள்ளே என் 34 பெட்டிகள். கடை இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறது. பெயர் எழுதப் போவதில்லை.

தீபாவளிக்குப் பலகாரக் கூடை கட்டி விற்கிறேன். இரண்டு கிலோ உலர் அத்திப்பழப் பெட்டி 46 ரிங்கிட் என்றார் கடைக்காரர். வேறெங்கும் இந்த விலை இல்லை; அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் அவர் ஒரு பெட்டியைப் பிரித்து, மேலிருந்து பெரிய பழமாக ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "உங்கள் அம்மா எங்கள் அப்பாவிடம் கடனுக்கு அரிசி வாங்கியவர், தங்கச்சி. உங்களை ஏமாற்றுவேனா?" அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்துப் பேச்சு. அதில் கரைந்துபோனேன். கூட்டு (சீட்டு) எடுத்த பணத்திலிருந்து 40 பெட்டிக்கு 1,840 ரிங்கிட்டை எண்ணி வைத்தேன். ஆறு பெட்டியை மட்டும் அன்றே கொடுத்தார். ரசீதில் வெறும் "பழம்" என்று எழுதியிருந்தார்.

வீட்டில் மேல் அடுக்கை எடுத்தேன். கீழே நூலாம்படை; பழத்தைப் பிளந்தால் உள்ளே கரும்பூஞ்சணம். திருப்பிக் கொண்டுபோனேன். "கழுவி வெயிலில் காயவையுங்கள், போய்விடும்" என்றார் கடைக்காரர். அதே பெட்டியோடு நேராக மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். இப்படிப்பட்ட பூஞ்சணத்தில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், அது கழுவினாலும் சமைத்தாலும் போகாது, கல்லீரலைக் கெடுக்கும் என்றார் அங்கிருந்த அதிகாரி. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படி கிடங்கில் இருந்ததையெல்லாம் பறிமுதல் செய்தார்கள். மாதிரி ஆய்வுக்குப் போயிருக்கிறது. முத்திரையை யாரும் தொடக்கூடாது.

செய்தது சரிதான். ஆனால் என் பணம்?

வெள்ளிக்கிழமை கடைக்காரரிடம் கேட்டேன்: "சரக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்." திங்கட்கிழமை: "இறக்குமதி செய்தவர் தந்தால்தான் நான் தர முடியும்." யார் அவர் என்றேன். "கிள்ளானில் ஓர் ஆள்." நேற்று கடைப் பையனை விட்டுச் சொல்ல வைத்தார்: "காட்டிக் கொடுத்தது நீங்கள்தானே?" "தங்கச்சி" என்ற பேச்சே காணாமல் போய்விட்டது. உடல்நலத்துக்குக் கேடான உணவை விற்றால் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம். அந்த அபராதத்தில் எனக்கு ஒரு காசு வராது. என் 1,840 அவர் கல்லாவில் இருக்கிறது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்க 5 ரிங்கிட்தான் கட்டணம் என்கிறார்கள். ஆனால் விற்பதற்காக வாங்கிய சரக்கை ஏற்பார்களா என்று தெரிந்தவர் ஒருவர் சந்தேகப்படுகிறார். இருந்தாலும் நாளை கேட்கப் போகிறேன்.

எதைப் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: வெளிநாட்டுப் பெட்டி என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் எந்த நாட்டுச் சரக்கு என்பதும் அச்சிட்டிருக்க வேண்டும். என் பெட்டிகளில் விலைச்சீட்டு மட்டுமே இருந்தது. அடி அடுக்கிலிருந்து பழத்தை எடுத்துப் பிளந்து பாருங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். ரசீதில் பொருளின் பெயரும் எடையும் எழுதச் சொல்லுங்கள்.

கூடைக்கு முன்பணம் தந்த அக்கா இருவர் வாசலில் நிற்கிறார்கள். போய்ப் பேச வேண்டும்.