கபசுரக் குடிநீர்ச் சூரணம்: எதைப் பார்த்து வாங்குவது?

2020 ஏப்ரலில் தமிழக அரசு ‘ஆரோக்கியம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, கரோனா பரவிய பகுதிகளில் கபசுரக் குடிநீரை வழங்க ஆரம்பித்தது. அதுவரை சித்த மருத்துவர்களும் நாட்டு மருந்துக் கடைக்காரர்களும் மட்டுமே நன்கு அறிந்திருந்த இச்சூரணம், சில வாரங்களில் வீட்டுக்கு வீடு தெரிந்த பொருளாயிற்று. டெங்குக் காலங்களில் நிலவேம்புக் குடிநீருக்கு இருந்த இடம் இதற்குக் கிடைத்தது. பெருந்தொற்றின் பதற்றம் அடங்கிய பின்னும் மழைக்காலத்துச் சளிக்காய்ச்சலுக்கென இது தொடர்ந்து விற்கப்படுகிறது. சூரணமாக மட்டுமன்றி மாத்திரையாகவும், தேநீர்ப் பையாகவும், நேரே குடிக்கத்தக்க பாட்டில் கஷாயமாகவும் வருகிறது. எங்கள் வீட்டில் சளிக்காய்ச்சல் வரும்போது, மருத்துவர் தந்த மருந்துகளுடன் இவற்றையும் வாங்கிப் பயன்படுத்தி வந்திருக்கிறோம். அந்த அனுபவத்தையும், இம்மருந்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவற்றையும் சேர்த்து இம்மதிப்புரையை எழுதுகிறேன்.

சுரத்தை 64 வகையாகப் பிரிக்கும் சித்த மருத்துவ மரபில், கபம் மிகுந்து வரும் காய்ச்சலான கபசுரமும் ஒரு வகை. அதற்குரிய இக்குடிநீரில் 15 சரக்குகள் சேரும்: சுக்கு, திப்பிலி, இலவங்கம், சிறுகாஞ்சொறி வேர், அக்கிரகாரம், முள்ளி வேர், கடுக்காய்த்தோல், ஆடாதோடை இலை, கற்பூரவள்ளி இலை, கோஷ்டம், சீந்தில் தண்டு, சிறுதேக்கு, நிலவேம்பு, வட்டத்திருப்பி வேர், கோரைக்கிழங்கு. பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் இந்தப் பதினைந்தும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. ஒரு விற்பனையாளரின் பொட்டலத்தில் ‘அரிய மூலிகைகள் கலந்தது’ என்ற ஒற்றை வரியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. உரிம எண்ணும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை. அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். சித்த மருந்துகளும் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்கு உட்பட்டவையே என்பதால், உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி ஆகியவற்றை எதிர்பார்க்க வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு.

பெயர்ப் பட்டியல் சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பது சரியாக இருக்க வேண்டும் அல்லவா? இந்தப் பதினைந்தில் பெரும்பாலானவை நம் பக்கத்தில் கிடைப்பவை. ஆனால் கோஷ்டம் இமயமலைப் பகுதியில் விளைவது. காட்டில் அருகிப்போனதால் பன்னாட்டு வணிகத்தில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட தாவரங்களுள் ஒன்று. அக்கிரகாரம் வட ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. விலையைக் குறைக்க விரும்பும் தயாரிப்பாளர் முதலில் கைவைக்கக்கூடியவை இத்தகைய சரக்குகளாகவே இருக்கும் என்பது என் ஊகம். அக்கிரகாரத்தைப் பொறுத்தவரை நாக்கே ஓரளவு சோதனைச்சாலை ஆகிவிடுகிறது. அந்த வேரை மென்றால் நாக்கு சுறுசுறுத்து மரத்துப்போகும். நல்ல சூரணத்தில் காய்ச்சிய கஷாயத்தின் முதல் மிடறில் நிலவேம்பின் கடுங்கசப்பு தெரிகிறது. பின்னாலேயே கடுக்காயின் துவர்ப்பும், திப்பிலி சுக்கின் காரமும், நாக்கு நுனியில் மெல்லிய சுறுசுறுப்பும் வருகின்றன. வெறும் கசப்பு மட்டும் இருந்து மற்றவை எதுவும் தெரியவில்லை என்றால், நிலவேம்பை வைத்தே பொட்டலத்தை நிரப்பியிருக்கிறார்களோ என்று எனக்கு ஐயம் எழும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது தூளின் பதம். குடிநீர்ச் சூரணம் ஒன்றிரண்டாக இடிக்கப்பட்டு, வேர்த்துண்டும் இலைத்துணுக்கும் கண்ணுக்குத் தெரிகிற கரடுமுரடான தூளாக இருக்க வேண்டும். முகப்பூச்சு மாவு போல நைசாக அரைத்துத் தரப்படும் பொட்டலங்கள் பார்வைக்கு அழகாக இருந்தாலும், காய்ச்சும்போது அடிபிடிக்கின்றன. வடிகட்டியை அடைத்துக்கொண்டு, கஷாயத்துக்குப் பதில் சேற்றுக் குழம்பைத் தருகின்றன. அதைவிட முக்கியமாக, நைசான தூளில் என்ன கலந்திருக்கிறது என்று அனுபவமுள்ளவராலும் பார்த்துச் சொல்ல இயலாது.

காய்ச்சும் முறை எளிதுதான். பொறுமை மட்டும் வேண்டும். ஒரு வேளைக்கு 5 கிராம் தூளை 240 மில்லி தண்ணீரில் இட்டு, சிறு தீயில் 60 மில்லியாக வற்றும்வரை காய்ச்சி வடிகட்ட வேண்டும் என்பது வழக்கமான அளவு. கொதி வந்தவுடன் இறக்கிவிடுவது கஷாயம் ஆகாது. காய்ச்சியதை உடனுக்குடன் குடித்துவிட வேண்டும். காலையில் மொத்தமாகக் காய்ச்சி ஃப்ளாஸ்க்கில் ஊற்றி வைத்து மாலையில் குடிப்பது சரியான முறையன்று. இருவேளை குடிக்கும் ஒருவருக்கு 100 கிராம் பொட்டலம் 10 நாட்களுக்கு வரும் என்பதால், அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வாங்கி அடுக்குவதற்குத் தேவையே இல்லை. ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும் சரக்கு இது.

இனிப் பயனுக்கு வருவோம். தொண்டைக் கரகரப்பு, மூக்கடைப்பு, நெஞ்சில் கட்டிய சளி ஆகியவற்றில் குடித்த சிறிது நேரத்தில் ஓர் இளக்கம் தெரிகிறது. சூடான எந்தக் கஷாயமும் இதில் ஒரு பங்கைச் செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆடாதோடையைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒன்று சொல்லலாம். அதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற நவீன மருந்து உருவாக்கப்பட்டது. இன்று இருமல் மருந்துகளில் பரவலாக உள்ள அம்ப்ராக்சால் அதன் வழிவந்ததே. ஆகவே கபத்துக்கு ஆடாதோடை என்ற பழைய வழக்கத்தை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் பொட்டலத்தின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருப்பது சளி இளகும் என்ற எளிய வாக்குறுதி அன்று. ‘வைரஸை அழிக்கும்’, ‘நோய் எதிர்ப்பு சக்தியைப் பல மடங்கு பெருக்கும்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். இதற்கான சான்று அவ்வளவு வலுவானதன்று. தமிழ்நாட்டில் நடத்தப்பட்டு 2021-இல் வெளிவந்த ஆய்வொன்று, அறிகுறியற்ற கரோனா தொற்றாளர்கள் 60 பேரிடம் கபசுரக் குடிநீரை வைட்டமின் சி, துத்தநாக மாத்திரைகளுடன் ஒப்பிட்டு, வைரஸ் அளவில் சாதகமான மாற்றத்தைக் கண்டது. யார் எதை உட்கொள்கிறார் என்பது மறைக்கப்படாத சிறிய ஆய்வு அது. ஆய்வுக்கு உட்பட்டவர்களோ தாமாகவே தேறும் வாய்ப்பு மிகுந்தவர்கள். தீவிர நோயையோ மரணத்தையோ தடுக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல இயலாது. தாய்லாந்திலும் நிலவேம்பைக் கரோனாவுக்குப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். அங்கே நிமோனியாவைத் தடுத்ததாகச் சொன்ன ஓர் ஆய்வின் முன்வெளியீடு (பிற ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன் வெளியிடப்படும் வடிவம்), கணக்கீட்டுப் பிழை கண்டறியப்பட்டதும் திரும்பப் பெறப்பட்டது. மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021 மே மாதத்தில் நாடு முழுதும் இக்குடிநீரை வழங்க முற்பட்டபோதும், மருத்துவமனையில் சேர்க்கத் தேவையில்லாத நோயாளிகளுக்கே அதை வழங்கியது. பொட்டல வாசகம் எழுதுகிறவர்கள் அந்த வரம்பைக் கண்டுகொள்வதே இல்லை. ரத்த ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கியவரை வீட்டில் உட்கார்த்திக் கஷாயம் காய்ச்சிக் கொடுப்பது ஆபத்து.

மூலிகைதானே, பக்கவிளைவு என்ன வந்துவிடப்போகிறது என்ற பேச்சும் பொருத்தமற்றது. 2021-இல் மும்பை மருத்துவர்கள், இக்குடிநீரிலும் சேரும் சீந்திலை உட்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதைப் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, அவர்கள் உட்கொண்டது சீந்திலைப் போன்ற வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது. எது உண்மையானாலும் வாங்குபவருக்கு அது எச்சரிக்கையே. சரக்கு மாறியிருந்தால் பொட்டலத்தைப் பார்த்து நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? திப்பிலியிலுள்ள பைப்பரின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் கூட்டக்கூடியது. நிலவேம்பும் சீந்திலும் சர்க்கரையைக் குறைக்கும் தன்மையுடையவை என்பதால் நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். கர்ப்பிணிகள் நிலவேம்பு சேர்ந்த எதையும் தாமாக எடுத்துக்கொள்ளலாகாது. இந்த எச்சரிக்கைகளுள் ஒன்றைக்கூட நான் வாங்கிய பொட்டலங்களில் காணவில்லை. ‘குழந்தை முதல் பெரியவர் வரை’ என்ற வரி மட்டும் தவறாமல் இருந்தது.

மாற்று வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கசப்பைத் தாங்காதவர்களுக்கு மாத்திரை வசதியானது. ஆனால் வெந்நீரும் ஆவியும் தரும் இதம் அதில் இல்லை. தேநீர்ப் பையை ஐந்து நிமிடம் வெந்நீரில் முக்கி எடுத்தால் வேர், தண்டு ஆகியவற்றின் சாரம் இறங்குமா என்பது ஐயமே. பாட்டில் கஷாயத்தில் சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கவும்.

வாங்குவதானால், அரசு நிறுவனமான டாம்ப்கால், சென்னை திருவான்மியூரில் 1944 முதல் கூட்டுறவாக இயங்கிவரும் இம்ப்காப்ஸ் போன்ற, உரிமத்துடன் தயாரிக்கும் நிறுவனங்களின் பெயரைக் கேட்டு வாங்குவதே என் பரிந்துரை. எடை போட்டு உதிரியாகத் தரும் கடைகளில், சரக்குகளைத் தனித்தனியாகக் காட்டி நம் கண்முன்னே இடித்துத் தருபவர் கிடைத்தால் வாங்கலாம். ஏற்கெனவே கலந்து வைத்த மூட்டையிலிருந்து அள்ளித் தருவதை வேண்டாம் என்பேன். காசு கொடுத்து வாங்கும் முன், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்கோ, தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ ஒருமுறை போய்வருவது இன்னும் மேல். அப்படிப் போகும்போது, ஏற்கெனவே சாப்பிட்டுவரும் ஆங்கில மருந்துகளின் சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.