நைட் டியூட்டியில் டிராகுலா

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எங்கள் பிளட் பேங்கில் சத்தம் என்றால், பிளேட்லெட் பைகளை ஆட்டிக்கொண்டே இருக்கும் மெஷினும் ஃபிரிட்ஜும்தான். அவசரக் கேஸ் வராத இரவுகளில் படிக்கலாமே என்று பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வை ஆன்லைனில் வாங்கினேன். ஆங்கிலத்தில், மலிவுப் பதிப்பு. எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, நன்றாக விரித்தால் நடுவில் ஒட்டு பிரிகிறது. ஐந்து நைட்டில் முடித்தேன்.

சினிமாவில் பார்த்த கறுப்பு அங்கி ஆசாமிக்காக வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். முதல் நான்கு அத்தியாயங்களில் கோட்டையில் நன்றாகப் பேசுகிறார். அப்புறம் அவ்வப்போது தலைகாட்டுவதோடு சரி. மற்றதெல்லாம் டைரி, கடிதம், தந்தி.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது, டிராகுலாவிடம் கடிபட்ட லூசி என்ற இளம்பெண் படுக்கையில் விழுந்தபோது. ரத்தம் குறைந்துகொண்டே போகிறது. கட்டிக்கொள்ளப்போகும் ஆர்தர், டாக்டர் சீவார்ட், பெரிய டாக்டர் வான் ஹெல்சிங், அமெரிக்கக்காரர் குவின்சி மாரிஸ் என்று இரண்டு வாரத்துக்குள் நாலு பேருடைய ரத்தத்தை ஏற்றுகிறார்கள். குரூப் பார்க்கவில்லை, இருவர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று கலந்து பார்க்கும் கிராஸ் மேட்ச் இல்லை. பார்த்திருக்கவும் முடியாது. நாவல் வந்தது 1897இல். ரத்தத்தில் வகைகள் உண்டு என்று கார்ல் லாண்ட்ஸ்டைனர் விளக்கியது 1901இல். லூசி செத்ததற்கு எல்லோரும் டிராகுலாவைத் திட்டுகிறார்கள். எனக்குச் சந்தேகம் டாக்டர் மேல்தான்.

பிரபு வீட்டுப் பிள்ளையான ஆர்தரின் ரத்தம் அவ்வளவு சுத்தம், அதில் ஃபைப்ரினை (ரத்தத்தை உறையவைக்கும் நார்ப்பொருள்) நீக்கக்கூட வேண்டியதில்லை என்கிறார் வான் ஹெல்சிங். அந்த வரியில் புத்தகத்தை மூடி வைத்தேன். போன வருடம் ஒருவர் தன் அம்மாவுக்கு ரத்தம் வாங்க வந்து, பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இது நம்ம ஆளுங்க ரத்தமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். "குரூப்பும் நம்பரும்தான் சார் எழுதியிருக்கும்" என்றேன். கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார்.

ரத்தம் கொடுத்ததாலேயே அவள் தன் மனைவியாகிவிட்டாள் என்று நினைக்கிறான் ஆர்தர். மற்ற மூவரும் கொடுத்ததை அவனிடம் மறைத்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் அவளுக்கு எத்தனை புருஷன் என்று வான் ஹெல்சிங் விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே நாளில் மூன்று பேர் பெண் கேட்டபோது, மூன்று பேரையும் ஏன் கட்டிக்கொள்ளக் கூடாது என்று தோழிக்கு எழுதியவள் இந்த லூசி. வேலைக்குப் போய், சைக்கிள் ஓட்டி, சொந்தமாக யோசிக்கும் 'புதிய பெண்'ணை லண்டன் பத்திரிகைகள் கேலி செய்துகொண்டிருந்த நேரம் அது. லூசிக்குக் கடைசியில் கிடைப்பதைப் படித்தால், கேலிக்கு அடியில் எவ்வளவு பயம் இருந்தது என்று தெரியும்.

இன்னொரு பயம் வெளிநாட்டுக்காரன். டிராகுலாவின் நூலகத்தில் லண்டன் டைரக்டரி, ரயில் அட்டவணை எல்லாம் இருக்கின்றன. தன் பேச்சைக் கேட்டு யாரும் அந்நியன் என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்பது அவர் ஆசை. வக்கீல் வைத்து முறையாக வீடு வாங்குகிறார், ஐம்பது பெட்டி சொந்த மண்ணோடு கப்பலில் வந்து இறங்குகிறார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் லண்டனின் கிழக்குப் பகுதியில் வந்து குடியேறிக்கொண்டிருந்த காலம். அவர்களைத் தடுக்க வேண்டும் என்று கிளம்பிய கூச்சல் 1905இல் சட்டமாகவே ஆனது.

ஆனால் என்னை உலுக்கியது லூசியின் தோழி மினா. கடிபட்ட இரவில், இனி கணவனைத் தொடக் கூடாது என்று கதறும்போது அவள் சொல்லும் சொல்லைத் தமிழில் 'தீட்டு' என்றுதான் சொல்வேன். பால்வினை நோயான சிஃபிலிஸுக்குச் சரியான மருந்து இல்லாத காலம்; முதல் நல்ல மருந்து சந்தைக்கு வந்ததே 1910இல். இன்றும் ஒவ்வொரு பையிலும் நாங்கள் கட்டாயம் பார்க்கும் ஐந்து நோய்களில் அது ஒன்று. ஒருமுறை ரிசல்ட் சரியில்லை என்று கூப்பிட்டுச் சொன்னதும் ஒரு டோனர் முதலில் கேட்டது, "குழந்தையைத் தூக்கலாமா?"

கடைசி நூறு பக்கத் துரத்தல் இழுவை, வான் ஹெல்சிங்கின் பிரசங்கம் அதைவிட. ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். பெரிய எழுத்துப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். என் பிரதி இப்போது அடுத்த ஷிஃப்ட் தம்பியிடம் இருக்கிறது. நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "அக்கா, லூசி ஏபி பாசிட்டிவா இருக்குமோ? எந்த குரூப் ரத்தமும் சேருமே!"