பிராக் யூதப் பேட்டை வழிகாட்டி நடை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

செக் நாட்டுத் தலைநகர் பிராக்கின் பழைய யூதப் பேட்டைக்குப் பெயர் யோசெஃபோவ். அங்கே யோசெஃபோவ் நடை என்று விற்கப்படுவது மூன்று வகை. பழைய நகரச் சதுக்கத்தில் வண்ணக் குடையைத் தூக்கிப் பிடித்து ஆள் சேர்க்கும் ‘இலவச’ நடை ஒன்று. முடிவில் நீங்கள் கையில் வைப்பதுதான் கட்டணம். யூத அருங்காட்சியகம் தன் வழிகாட்டிகளைக் கொண்டு நடத்துவது இன்னொன்று. இதற்கு முன்பதிவு வேண்டும். மூன்றாவது, நாலைந்து பேர் சேர்ந்து தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது. குடைக்காரர்கள் பெரும்பாலும் எந்தக் கட்டடத்துக்குள்ளும் கூட்டிப் போக மாட்டார்கள். சுவருக்கு வெளியே நின்று கதை கேட்டுவிட்டுக் கலைய வேண்டியதுதான். வேறு ஊரில் அது பரவாயில்லை. இங்கே அது வீண், ஏனென்றால் யோசெஃபோவில் வெளியே பார்க்க மிஞ்சியிருப்பது மிகக் குறைவு.

1893-ல் வந்த ஒரு சட்டத்தின்படி இந்தப் பேட்டையின் சந்துபொந்துகளை எல்லாம் இடித்துத் தள்ளினார்கள். சுகாதாரக் கேடு என்பது காரணம். இருபது ஆண்டுகள் நடந்த அந்த இடிப்பில் தப்பியவை ஆறு சினகாக்குகள் (யூத வழிபாட்டு இல்லங்கள்), யூத நகர மன்றம், பழைய கல்லறைத் தோட்டம் ஆகியவை மட்டுமே. மற்றபடி இன்று தெரிவதெல்லாம் அதற்குப் பிறகு எழுந்த அலங்கார மாடிவீடுகள். நடுவில் ஓடும் பாரீஷ்ஸ்கா தெரு முழுக்க விலையுயர்ந்த கைப்பைக் கடைகளும் கடிகாரக் கடைகளும்தான். கெட்டோவை, அதாவது யூதர்களை ஒதுக்கி வைத்திருந்த பழைய பேட்டையைத் தேடி வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அவைதான். ஆகவே உள்ளே நுழையும் நடையாகப் பார்த்து எடுங்கள். நுழைவு டிக்கெட் கட்டணத்தில் சேர்த்தியா, தனியா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பிறகு மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

வழிகாட்டி நல்லவரா என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். நல்லவர் உங்களை முதலில் தரையைப் பார்க்கச் சொல்வார். பழைய-புதிய சினகாக்குக்குள் போகப் படி இறங்க வேண்டும். பிங்காஸ் சினகாக்கிலும் அப்படியே. கல்லறைத் தோட்டம் மட்டும் தெருவுக்கு மேலே, மதிலுக்குள் அடைத்த மேடுபோல நிற்கிறது. வல்டாவா ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. வெள்ளத்துக்குப் பயந்து தெருமட்டத்தை நூற்றாண்டு நூற்றாண்டாக உயர்த்தினார்கள். கட்டடங்கள் தங்கள் பழைய மட்டத்திலேயே நின்றுவிட்டன. கல்லறைத் தோட்டத்தின் கதை வேறு. யூதர்களுக்குப் புதைக்க வேறு நிலம் கிடைக்கவில்லை. யூத நெறிப்படி பழைய புதைகுழியைத் தோண்டி அப்புறப்படுத்தவும் கூடாது. அதனால் மேலே புது மண்ணைக் கொட்டி, அதில் அடுத்த அடுக்கைப் புதைத்தார்கள். கீழே இருந்த நடுகற்களையும் மேலே தூக்கி நட்டார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, பல் வரிசை கலைந்ததுபோல் கற்கள் நெருக்கியடித்து நிற்பதற்கு அதுதான் காரணம். பன்னிரண்டு அடுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். அது சில இடங்களில் மட்டும். கண்ணுக்குத் தெரியும் கற்கள் சுமார் 12,000. அடியில் எத்தனை பேர் என்று ஒரு பெரிய எண்ணை அடித்துச் சொல்கிற வழிகாட்டியிடம், யார் எண்ணினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

வரிசை முக்கியம். காலை ஒன்பது மணிக்குத் திறந்தவுடன் பிங்காஸுக்குள் போய்விட வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்கு வழி அதற்குள்ளேதான் போகிறது. பாதை ஒருவழி, கிளவுசன் சினகாக் பக்கம் வெளியே வருவீர்கள். பத்தரை மணிக்குமேல் பேருந்துக் கூட்டங்கள் வந்து சேர்ந்தால் அந்தக் குறுகிய பாதையில் நின்று ஒரு கல்லைக்கூடப் படிக்க முடியாது, பின்னால் வருகிறவர்கள் நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். மதியம் கிளம்பும் நடைகளின் பெரிய குறை இது.

பிங்காஸின் சுவர்களில் இருப்பவை பெயர்கள் மட்டும். செக் நாட்டின் பொஹீமியா, மொராவியா பகுதிகளிலிருந்து நாஜிகள் கொண்டுபோய்க் கொன்ற ஏறக்குறைய 78,000 யூதர்களின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில். தொடர்ந்து கறுப்பில் ஆளின் பெயர், பிறந்த தேதி, கடைசியாகத் தெரிந்த தேதி. ஒரு சிவப்புப் பெயரைப் பிடித்து அதைத் தொடர்ந்து வரும் கறுப்பு எழுத்துகளைப் படியுங்கள்: பிறந்த தேதிகள் பாட்டியிலிருந்து பேரன்வரை விரிந்து கிடக்க, கடைசித் தேதி மட்டும் பலருக்கும் ஒன்றாக இருக்கும். வாக்லாவ் போஷ்டீக், யிர்ஷீ யான் என்ற இரண்டு ஓவியர்கள் 1954 முதல் 1959 வரை எழுதியது இது. 1968-ல் அடியிலிருந்து நீர் ஊறிச் சுவர் கெட்டுப்போனதால் மூடினார்கள், பெயர்களும் போயின. கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு, 1992-க்கும் 1996-க்கும் இடையில், எல்லாப் பெயர்களையும் மறுபடி எழுதினார்கள். 2002 வெள்ளத்தில் கீழ் வரிசைகள் மீண்டும் அழிந்து, மீண்டும் எழுதப்பட்டன. தரைமட்டத்தைப் பற்றி முதலில் சொன்னது இதற்காகத்தான். இந்தக் கூடத்துக்குள் வாயை மூடிக்கொள்கிற வழிகாட்டிக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே கொடுக்கலாம். வாசலிலேயே எல்லாம் சொல்லிவிட்டு உங்களை உள்ளே விட்டுவிட வேண்டும்.

மாடியைத் தவறவிடாதீர்கள், கூட்டமாக வருகிறவர்களை அங்கே அழைத்துப் போகாமலே விடுவது உண்டு. தெரேசின் கெட்டோவில் அடைபட்ட குழந்தைகள் 1942 முதல் 1944 வரை வரைந்த படங்கள் அங்கே. சொல்லிக்கொடுத்தவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர். ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்படுவதற்கு முன் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் அடைத்து ஒளித்து வைத்துவிட்டுப் போனார். அவர் திரும்பவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் வழிகாட்டி இல்லாமல் போனால் கற்கள் வெறும் கற்கள். விரித்த இரு கைகள் இருந்தால் கோஹென் என்னும் குருக்கள் மரபு. நீர்க்குடம் என்றால் அந்தக் குருக்களுக்குப் பணிவிடை செய்த லேவியர் மரபு. சிங்கம் இருந்தால் பெரும்பாலும் பெயரில் சிங்கம் இருக்கும். 1613-ல் இறந்த வரலாற்றாசிரியர், வானியலாளர் தாவீத் கான்ஸின் கல்லில் வாத்தைப் பார்க்கலாம். கான்ஸ் என்றால் ஜெர்மன் மொழியில் வாத்து. தேதி தெரிந்த பழைய கல் 1439-ஐச் சேர்ந்த அவிக்டோர் காராவுடையது. கடைசிப் புதைப்பு 1787-ல். யூத மதகுரு ரபி லோவின் கல்லறைமேல் கூழாங்கற்களும் மடித்த காகிதச் சீட்டுகளும் குவிந்திருக்கும். பூ வைக்கும் வழக்கம் இங்கே இல்லை. வைக்க விரும்பினால் ஒரு சிறு கல் போதும். சீட்டுகளைப் பிரித்துப் படிக்க வேண்டாம்.

ரபி லோவ் என்றதும் கோலெம் வந்துவிடும். களிமண்ணால் ஓர் ஆளைச் செய்து அவர் உயிர் கொடுத்தார், அது பழைய-புதிய சினகாக்கின் பரணில் கிடக்கிறது என்பது கதை. பின்சுவரில் பரணுக்கு ஏறும் இரும்புப் படிகளைக் காட்டுவார்கள். ஏற விட மாட்டார்கள். ரபி இறந்தது 1609-ல். கோலெமை அவரோடு முடிச்சுப் போட்ட கதைகள் அச்சேறியது 19-ஆம் நூற்றாண்டில். நம்மூர்த் தலபுராணத்தைக் கேட்பதுபோல் ரசித்துவிட்டுப் போகலாம். ஆனால் ‘அழிந்துபோன இனத்தின் அருங்காட்சியகம் அமைக்க ஹிட்லர் இங்குள்ள யூதப் பொருள்களைச் சேர்த்து வைத்தார்’ என்ற வாக்கியத்தை விடக் கூடாது. எல்லாக் குடைக்காரர்களும் சொல்வது இது. அதை உறுதி செய்யும் நாஜி ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. அருங்காட்சியகம் 1906-லேயே தொடங்கியது. 1942-ல் தொடங்கி, யூதர்களை நாஜிகள் அப்புறப்படுத்திய ஊர்களிலிருந்து வந்த பொருள்களை இங்கே குவித்து, பட்டியலிட்டுக் காத்தவர்கள் அங்கே வேலை பார்த்த யூத அறிஞர்கள். அவர்களில் பெரும்பாலோர் பிறகு கொல்லப்பட்டார்கள். அவர்கள் செய்ததை ஹிட்லர் கணக்கில் எழுதுகிற வழிகாட்டிக்கு இந்த இடம் புரியவில்லை என்று அர்த்தம்.

பழைய-புதிய சினகாக் சுமார் 1270-ல் கட்டியது; ஐரோப்பாவில் இன்றும் வழிபாடு நடக்கும் சினகாக்குகளில் இதுதான் பழையது. நடுவே இரண்டு எண்கோணத் தூண்கள். அண்ணாந்து பார்த்தால் கூரை விலாக்கள் வழக்கமான நான்குக்குப் பதில் ஐந்தைந்தாக இருக்கும். சிலுவை வடிவம் வரக் கூடாதென்று செய்தது என்பது வழிகாட்டிகளின் வாடிக்கையான விளக்கம். பெண்கள் அடுத்த அறையிலிருந்து சுவரில் வெட்டிய ஒடுக்கமான துளைகள் வழியாக வழிபாட்டைக் கேட்பார்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும். தொப்பியோ கைக்குட்டையோ எதுவானாலும் சரி. வாசலிலும் கிப்பா என்னும் சிறு யூதத் தொப்பி கிடைக்கும். இந்தச் சினகாக் அருங்காட்சியகத்தின் கையில் இல்லை, யூதச் சமூகத்தின் கையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்த டிக்கெட் வாங்காமல் வந்து வாசலில் நிற்கிறவர்கள் தினமும் உண்டு.

எதிரே நகர மன்றத்தின் கீழ்க் கடிகாரத்தில் எண்களுக்குப் பதில் எபிரேய எழுத்துகள். முட்கள் இடப்பக்கமாகச் சுற்றும். எபிரேயத்தில் முதல் எழுத்தே ஒன்று, இரண்டாம் எழுத்தே இரண்டு. க, உ என்று எண் எழுதிய பழைய தமிழ் ஏட்டைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

மைசெல், கிளவுசன் ஆகிய இரண்டு சினகாக்குகளிலும் கண்ணாடிப் பெட்டிகள்தான் அதிகம். நேரம் குறைவென்றால் ஒன்றை விட்டுவிடலாம். அந்த நேரத்தை 1868-ல் கட்டிய ஸ்பானிய சினகாக்குக்குக் கொடுங்கள். சுவர், கூரை, வளைவு எங்கும் பொன்னும் பச்சையும் சிவப்புமாக மூரிய (பழைய ஸ்பெயின் முஸ்லிம்களின் பாணி) வேலைப்பாடு. காலையில் பார்த்தவற்றின் கனத்துக்குப் பிறகு அங்கே முடிப்பது சரியாக இருக்கும்.

மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டுகிறோம் என்பவர்கள் ஓட வைப்பார்கள். பன்னிரண்டு பேருக்குமேல் போனால் காதுக் கருவி தருகிறார்களா என்று கேளுங்கள். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் எல்லாம் மூடியிருக்கும். செப்டம்பர், அக்டோபரில் பண்டிகைகள் வரிசையாக வருவதால் பயணத் தேதிக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலை பழைய-புதிய சினகாக் சீக்கிரம் அடைத்துவிடும். குளிர்காலத்தில் அருங்காட்சியகமே நாலரைக்கு மூடிவிடும். டிக்கெட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே நுழைவு; வெளியே வந்தால் வந்ததுதான். பழுதுபார்ப்புக்காக ஏதாவது ஒரு சினகாக் மூடியிருக்கலாம், வாங்கும்முன் கேட்கவும். மெட்ரோ ஏ தடத்தில் ஸ்டாரோமேஸ்ட்ஸ்கா நிறுத்தத்தில் இறங்கினால் நடை தூரம்.

மாலையில் தெம்பிருந்தால் இன்னும் ஓரிடம் உண்டு. எந்த நடையிலும் அது சேர்த்தி இல்லை. 2020-ல் வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் நடைபாதையைப் பெயர்த்தபோது, கற்களின் அடிப்பக்கத்தில் எபிரேய எழுத்துகள் இருந்தன. 1980-களில் கம்யூனிஸ்ட் ஆட்சி யூதக் கல்லறைக் கற்களைச் சதுரமாக அறுத்து, எழுத்துப் பக்கம் மண்ணைப் பார்க்கப் பதித்திருந்தது. மீட்ட துண்டுகளைக் கொண்டு 2022-ல் ஷிஷ்கோவ் தொலைக்காட்சிக் கோபுரத்தின் அடியிலுள்ள பழைய யூதக் கல்லறையில் ஒரு நினைவிடம் அமைத்தார்கள். அதே ஏ தடத்தில் யிர்ஷீஹோ ஸ் பொத்யேப்ராட் நிறுத்தம். திறக்கும் நேரம் குறைவு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.