திரையைப் பங்கிடுவதா, டெஸ்க்டாப்பைப் பிரிப்பதா?

விண்டோஸில் ஒரே நேரத்தில் பல சாளரங்களை வைத்து வேலை செய்ய இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, ஸ்னாப். விண்டோஸ் கீயுடன் இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால் சாளரம் பாதித் திரையில் போய் ஒட்டிக்கொள்ளும். 2009இல் விண்டோஸ் 7 உடன் வந்த வசதி இது. மொழிபெயர்ப்பு, கணக்குச் சரிபார்ப்பு என்று ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் எழுதும் வேலைக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை; கண் மட்டும் நகர்ந்தால் போதும். விண்டோஸ் 11இல் விண்டோஸ் கீயையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினால் திரையைப் பிரிக்கும் வடிவங்களே வரிசையாக வந்து நிற்கும். ஆனால் சிறிய லேப்டாப் திரையில் இரண்டுக்கு மேல் போகாதீர்கள். எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு, பக்கவாட்டில் உருட்டியே கை ஓய்ந்துவிடும்.

இன்னொன்று, விண்டோஸ் 10இல் வந்த தனித்தனி டெஸ்க்டாப்கள். விண்டோஸ், கன்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதிது திறக்கும். டிக்குப் பதில் அம்புக்குறி என்றால் பக்கத்து டெஸ்க்டாப்புக்குத் தாவும். ஒன்றில் எழுத்து வேலை, இன்னொன்றில் மெயிலும் அரட்டையும். சம்பந்தமில்லாதது கண்ணில் படாததால் கவனம் சிதறாது. ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு மட்டும் இது சரிப்படாது. தாவுவதற்குள் பார்த்த எண் மறந்துவிடும்.

சிறிய திரை என்றால் டெஸ்க்டாப்களைப் பிரிப்பதற்கே என் ஓட்டு. அப்புறம் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டிரண்டாக ஸ்னாப் செய்துகொள்ளலாம்.